ரிச்மண்ட் பார்க்கில் கூட்டாளியோடு சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கூட்டாளியும் ஆறு வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிறாவது தெற்கு லண்டனின் ரூட்டிங்கிலிருந்து புறப்பட்டு, ரிச்மண்ட் பார்க்கைச் சுற்றி, தேம்ஸ் கரையால் வீடு திரும்புகிறோம். தமிழ்ப் பள்ளி வாசலிலும் கலியாண வீட்டுப் பந்தியிலும் ஆட்கள் இதைப் பற்றிக் கேட்பார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

ரிச்மண்ட் பார்க் எண்டா ஒரு பூங்காதானே? அதுக்குள்ள சைக்கிள் ஓட என்ன கிடக்கு?

பூங்கா என்ற சொல் பூப்பாத்தியையும் ஊஞ்சலையும் நினைவுபடுத்தும். இது அப்படியான இடம் இல்லை. 955 ஹெக்டயர் பரப்பு, லண்டனின் அரச பூங்காக்களில் ஆகப் பெரியது. புல்வெளி, பன்னக் காடு, பழைய ஓக் மரங்கள், குளங்கள், அவற்றுக்கிடையில் மேடும் பள்ளமும். 630 மான்கள் அளவில் சுதந்திரமாக உலாவுகின்றன. கொள்ளைநோய்க்குப் பயந்து 1625இல் ரிச்மண்டுக்கு வந்த முதலாம் சார்ள்ஸ் மன்னர், 1637இல் வேட்டைக்கென்று இந்த நிலத்தைச் சுற்றி மதில் கட்டினார். மதில் இன்றும் நிற்கிறது.

உள்ளே போகும் உரிமை எங்களுக்குச் சும்மா வந்ததில்லை. 1751இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற இளவரசி அமெலியா, வேண்டியவர்களை மட்டும் விட்டுப் பொதுமக்களுக்குக் கதவைச் சாத்தினார். ஜோன் லூயிஸ் என்ற ரிச்மண்ட் மதுவடிப்புக்காரர் வழக்குப் போட்டு 1758இல் வென்றார். கதவு வேண்டுமா, மதிலில் ஏணிப்படி வேண்டுமா என்று நீதிபதி கேட்டபோது, கதவென்றால் மறுபடி பூட்டிவிடுவார்கள் என்று ஏணியைக் கேட்டு வாங்கினார். கிங்ஸ்ரன் பக்கத்தில் லாடர்ஸ்ரைல் கேற் என்று ஒரு வாசல் இருக்கிறது. ஏணிப்படி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவு வரும்.

மொத்தம் எவ்வளவு தூரம்? எத்தனை மணித்தியாலம் எடுக்கும்?

பூங்காவைச் சுற்றியுள்ள தார் வீதி கிட்டத்தட்ட 10.8 கிலோமீற்றர். பழகியவர்கள் அரை மணித்தியாலத்துக்குள் சுற்றிவிடுவார்கள். முதல் தடவை வருபவர், நின்று பார்த்துப் போவதென்றால், ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கட்டும்.

நாங்கள் ஓடுவது அதைவிட நீளம். ரூட்டிங்கிலிருந்து விம்பிள்டன் கொமன் என்ற பொதுவெளி ஊடாகப் பூங்காவின் றொபின்ஹூட் கேற், பூங்காவில் இரண்டு சுற்று, பிறகு ரிச்மண்ட் கேற்றால் வெளியேறி ஆற்றங்கரைக்கு இறங்கி ரெடிங்ரன், கிங்ஸ்ரன், நியூ மோல்டன் வழியாக வீடு. 55 கிலோமீற்றர் அளவில் வரும். காலை ஆறரைக்கு வெளிக்கிட்டால், இருந்து சாப்பிடும் நேரத்தையும் சேர்த்து, பன்னிரண்டு மணிக்கு வீட்டில் நிற்கலாம்.

நான் ஊரில நல்லா ஓடினனான். இப்ப இருவது வருசமாத் தொடேல்லை. ஏலுமோ?

ஏலும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் எண்ணெய்த் தடை இருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்குச் சைக்கிள் கால் மாதிரி. பள்ளிக்கூடம், ரியூஷன், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். முன்னுக்கு ஒருவர், கரியரில் ஒருவர், ஹான்டிலில் அரிசிப் பை. சமநிலை என்பது உடம்பை விட்டுப் போகாது. ஏறி ஐந்து நிமிடத்தில் அது திரும்பி வந்துவிடும்.

வராதது மூச்சு. அதோடு, யாழ்ப்பாணம் உள்ளங்கை மாதிரிச் சமதரை. நாங்கள் ஓடிய ஓட்டத்தில் ஏற்றம் என்றால் ஒரு மதகும் பாலமும்தான். அதனால் முதல் மாதம் உங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள தட்டையான இடத்தில் வாரம் இரண்டு தரம், ஐந்து, பத்து, பதினைந்து கிலோமீற்றர் என்று கூட்டிக்கொண்டு போங்கள். இருபது கிலோமீற்றர் ஓடியும் அடுத்த நாள் வேலைக்குப் போக முடிந்தால் பூங்காவுக்கு வரலாம். நெஞ்சு நோவோ இரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். நாற்பத்தைந்து தாண்டிய எங்கள் ஆட்களில் நீரிழிவு பலருக்கு உண்டு. ஊசி போடுபவர்கள் வழியில் சீனி இறங்குவதற்கு ஆயத்தமாக வரவேண்டும்.

என்ன சைக்கிள் வேணும்? ஆயிரம் பவுணுக்கு வாங்கோணுமோ?

வேண்டாம். கியர் உள்ள, பிரேக் பிடிக்கிற, உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிற எந்தச் சைக்கிளும் போதும். கூட்டாளி போன வருடம் வரை ஓடியது பழைய ஹைபிரிட். தட்டையான ஹான்டில், கொஞ்சம் அகலமான ரயர். தார் வீதிக்கும் ஆற்றங்கரைச் சரளைக்கும் அதுவே சரி. மெல்லிய ரயருள்ள றேஸ் சைக்கிள் பூங்கா வீதியில் பறக்கும், சரளையில் தடுமாறும். சும்மா ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றால் ரோஹம்ப்டன் கேற்றுக்குக் கிட்ட வாடகைக்கு எடுக்கலாம்.

பழையதை வாங்கினால் ஓடிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நான் ஒரு கடையில் வாங்கிய முதல் சைக்கிளின் பின் பிரேக் கட்டை இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கண்டேன். பின் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக்கை அமத்துங்கள். உடனே நிற்க வேண்டும். பிறகு சீற் உயரம். சீற்றில் இருந்து குதிக்காலை மிதிகட்டையின் அடிப்புள்ளியில் வைத்தால் கால் நேராக வரவேண்டும். எங்கள் ஆட்கள் பத்துக்கு எட்டுப் பேர் சீற்றைப் பணித்து வைத்துவிட்டு முழங்கால் நோகுது என்கிறார்கள்.

ரூட்டிங்கில இருந்து எந்த வழி? சைக்கிளை ரெயினில ஏத்தலாமோ?

ஓடி வருவதென்றால் விம்பிள்டன் ஊடாக ஏறி, கொமனைக் கடந்து, ஏ3 வீதியைப் பாதசாரிச் சிக்னலில் தாண்டி றொபின்ஹூட் கேற். விம்பிள்டன் கொமனில் சைக்கிளுக்கு அனுமதித்த பாதைகள் மட்டும்தான், குதிரைப் பாதையில் ஏறாதீர்கள். ஏ3இல் சிவப்பு விளக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் நில்லுங்கள், அங்கே வாகனம் வரும் வேகம் வேறு. றொபின்ஹூட் கேற் 2003இலிருந்து கார்களுக்கு மூடப்பட்ட வாசல் என்பதால் உள்ளே நுழைந்ததும் அமைதி.

ரெயின் என்றால் விம்பிள்டனில் ஏறி நோர்பிட்டனில் இறங்குங்கள், கிங்ஸ்ரன் கேற் கிட்டத்தான். ஞாயிறுகளில் தண்டவாள வேலை நடப்பதுண்டு, மாற்றுப் பஸ்ஸில் சைக்கிள் ஏற்றமாட்டார்கள். முதல் நாள் இரவே பார்த்து வையுங்கள். கிழக்கு லண்டன்காரர் டிஸ்ட்ரிக்ற் லைன் ரியூப் ரெயினில் ரிச்மண்ட் வரலாம், வார நாட்களின் நெரிசல் நேரங்களில் மட்டும் சைக்கிளுக்கு இடமில்லை. ரூட்டிங் நிற்கிற நோதேர்ண் லைனின் சுரங்கப் பகுதியில் மடிக்காத சைக்கிளுக்கு எந்த நேரமும் அனுமதி இல்லை.

எந்தப் பக்கமாச் சுத்துறது நல்லது?

முதல் தரம் மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கம். றொபின்ஹூட் கேற்றிலிருந்து உடனே புரூம்ஃபீல்ட் ஹில் ஏற்றம் வரும். உடம்பு புதிதாக இருக்கும்போதே பெரிய வேலை முடிந்துவிடும். பிறகு டார்க் ஹில்லில் இறங்கி கிங்ஸ்ரன் கேற், அங்கிருந்து மெதுவாகச் சாய்ந்து ஏறுகிற நீளமான வீதி, மேலே சமதரையில் பெம்புரோக் லொட்ஜ் என்ற பழைய மாளிகை, ரிச்மண்ட் கேற். கடைசியாக சோயர்ஸ் ஹில்லில் நீண்ட இறக்கம். தெளிந்த நாளில் அந்த இறக்கத்தில் நகரத்தின் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும்.

எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் சோயர்ஸ் ஹில்லை நீளத்துக்கு ஏற வேண்டும், பிறகு டார்க் ஹில் குட்டையாக ஆனால் செங்குத்தாக வரும். ஐந்தாறு தரம் வந்த பிறகு அதையும் செய்து பாருங்கள். அதே பூங்கா வேறொரு பூங்காவாகத் தெரியும்.

ஏத்தத்தில மூச்சு வாங்குது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனா வெக்கமில்லையோ?

ஒரு வெட்கமும் இல்லை. நான் முதல் நாள் புரூம்ஃபீல்ட் ஹில்லில் பாதியில் இறங்கித்தான் போனேன். ஆனால் பலர் இறங்குவது கால் ஏலாமல் இல்லை, கியரைப் பிந்தி மாற்றியதால். ஊர்ச் சைக்கிளுக்கு ஒரே கியர். ஏற்றம் வந்தால் எழும்பி நின்று உழக்குவோம். அந்தப் பழக்கம் காலில் கிடக்கிறது. இங்கே ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, கால் இலகுவாகச் சுற்றும்போதே, முன்பக்கம் சின்னப் பல்சில்லுக்கும் பின்பக்கம் பெரிய பல்சில்லுக்கும் கொண்டுவாருங்கள். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் கடகடவென்று இழுபடும், சிலவேளை கழன்றும் விடும்.

பிறகு சீற்றிலேயே இருங்கள். கால் வேகமாகச் சுற்றட்டும், சைக்கிள் ஆமை மாதிரி ஊரட்டும். ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், தோளைத் தளர்த்துங்கள். மேலே எவ்வளவு தூரம் என்று அண்ணாந்து பார்க்காமல் பத்து மீற்றர் முன்னுக்குள்ள தாரைப் பாருங்கள். அளவு இதுதான்: கூட்டாளியோடு ஒரு முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு மூச்சு அறுந்தால் இன்னும் மெதுவாக. ஒரு முழுச் சுற்றில் மொத்தமாக ஏறுவது நூறு மீற்றருக்குக் கிட்டத்தான், அதுவும் துண்டு துண்டாக. பொறுமைக்கு அது அடங்கும்.

எனக்கு இறக்கத்திலதான் பயம்.

அந்தப் பயத்தை மதியுங்கள். இறக்கம் தொடங்க முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டு அமத்துங்கள். இந்த நாட்டில் வலக்கைப் பிரேக் முன் சில்லுக்கு. அதை மட்டும் சடாரென்று பிடித்தால் பின் சில்லு எழும்பும். உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, மிதிகட்டைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மழை பெய்திருந்தால் நிற்கிற தூரம் கூடும், இலை விழும் காலத்தில் இன்னும் கூடும்.

பூங்காவில் கார்களுக்கு 20 மைல் வேக எல்லை. நீங்களும் அதைத் தாண்டாதீர்கள். சோயர்ஸ் ஹில்லில் உழக்காமலே அந்த வேகம் வந்துவிடும். பிள்ளைத் தள்ளுவண்டியோடு கடப்பவர், அவிழ்த்துவிட்ட நாய், பன்னத்துக்குள்ளிருந்து பாயும் மான், எல்லாம் அங்கேதான் வரும்.

மான் பாயுமோ? கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமோ?

50 மீற்றர் தள்ளி நில்லுங்கள். ஒரு பஸ் பத்து மீற்றருக்கு மேல் என்றால் ஐந்து பஸ் நீளம். சாப்பாடு கொடுக்க வேண்டாம், கரட்டும் வேண்டாம். இங்கே இரண்டு இனம். செம்மான் பெரியது. மற்றது ஃபலோ மான், சிறியது, ஊர்ப் புள்ளிமான் மாதிரி முதுகில் வெள்ளைப் பொட்டு இருக்கும். மே முதல் ஜூலை வரை குட்டி போடும் காலம், தாய் மான் குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டுத் தூர நிற்கும். தனியே படுத்திருக்கும் குட்டியைக் கைவிடப்பட்டதென்று நினைத்துத் தொடாதீர்கள்.

செப்டெம்பர், ஒக்ரோபரில் கடாக்கள் ஒன்றோடொன்று மோதும். ஒரு ஒக்ரோபர் காலை, பனிப்புகார் தரையோடு படுத்திருந்தது. ஹாம் கேற் பக்கமாக ஒரு உறுமல். மாடு கத்துவதற்கும் லொறி ஏற்றம் இழுப்பதற்கும் இடைப்பட்ட சத்தம். இருவரும் காலை ஊன்றி நின்றோம். புகாருக்குள்ளிருந்து ஒரு செம்மான் கடா வெளியே வந்தது. கொம்பு நிறையக் காய்ந்த பன்னம் கொளுவிக்கொண்டு கிடந்தது, அந்தக் காலத்தில் பெரிதாகத் தெரிய அவை அப்படிச் சூடிக்கொள்ளும். கழுத்து மயிர் சேற்றில் நனைந்து ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து கத்தும்போது மூச்சு வெள்ளையாகச் சுருண்டு போனது. வீதியைக் கடந்து மறையும் வரைக்கும் நாங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை.

அப்படி மான் வீதியில் நின்றால் நீங்களும் அப்படியே நில்லுங்கள். மணி அடிக்காதீர்கள், இரண்டு மானுக்கு நடுவால் புகாதீர்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் வந்தா நல்லது?

ஏப்ரல் கடைசியும் மே தொடக்கமும். பூங்காவுக்குள் இருக்கும் இசபெல்லா பிளான்ரேஷன் தோட்டத்தில் அசேலியாப் பூ தீப்பிடித்த மாதிரி நிற்கும். அதற்குள்ளே சைக்கிள் ஓட முடியாது, வாசலில் பூட்டிவிட்டு நடந்து போங்கள். மே தொடக்கம் ஜூலை வரை ஓக் மரத்தில் வெண்ணூல் கூட்டோடு மயிர்க்கொட்டி தெரிந்தால் கிட்டப் போகாதீர்கள், அதன் மயிர் பட்டால் தோல் தடிக்கும், மூச்சும் இளைக்கலாம். கோடையில் பன்னத்துக்குள் நடந்தால் வீட்டுக்குப் போய் உண்ணி கடித்திருக்கிறதா என்று காலைப் பாருங்கள்.

ஒக்ரோபரின் அழகை மேலே சொன்னேன். குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நிற்கும்போது மேடு பள்ளம் எல்லாம் துலக்கமாகத் தெரியும், ஆனால் உறைபனி விழுந்த காலையில் வராதீர்கள்.

விடியக் காலமையும் பொழுதுபட்ட பிறகும் வாசல் திறந்திருக்குமோ?

கார் வாசல்கள் கோடையில் காலை 7 மணிக்கும் குளிர்காலத்தில் ஏழரைக்கும் திறந்து இருட்டும்போது மூடும். சைக்கிளில் வருபவர்களுக்கு, கார் வாசலுக்குப் பக்கத்திலுள்ள நடைவாசல் இருபத்துநான்கு மணித்தியாலமும் திறந்திருக்கும். நவம்பரிலும் பெப்ரவரியிலும் மட்டும் மான்களின் தொகையைக் குறைக்கும் வேலை நடப்பதால் இரவு 8 முதல் காலை ஏழரை வரை எல்லா வாசலும் பூட்டு. பூங்காவுக்குள் வீதி விளக்கு இல்லை. பொழுதுபட்டால் முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு விளக்கு சட்டப்படி வேண்டும், பின்னால் சிவப்பு றிஃப்ளெக்ரரும் வேண்டும்.

ஹெல்மெட் கட்டாயமோ?

சட்டப்படி இல்லை. என்னோடு வருபவர்கள் போட வேண்டும்.

சாப்பாடு, தண்ணி, ரொய்லற்?

பெம்புரோக் லொட்ஜிலும் ரோஹம்ப்டன் கேற்றிலும் தேத்தண்ணிக் கடையும் ரொய்லற்றும் உண்டு. ஞாயிறு பத்து மணிக்குப் பிறகு வரிசை நீளும், ஆகவே நாங்கள் கொண்டு போகிறோம். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், ஃபிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி, எள்ளுருண்டை, ரூட்டிங் கடையில் வாங்கிய பருத்தித்துறை வடை. இதில் வடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியர்த்தால் உப்புப் போகும், வடையில் உப்பிருக்கிறது. நசியாது, ஒழுகாது, சட்டைப் பையில் கிடந்தாலும் முறுமுறுப்புக் குறையாது. எள்ளுருண்டை பாதிச் சுற்றுக்கு ஒன்று. பசி வந்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது. சோற்றுப் பார்சல் வேண்டாம், சாப்பிட்டால் சைக்கிளில் ஏற மனம் வராது.

அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டத் தடை. கீழே விழுந்து கிடக்கும் செஸ்ட்நட் கொட்டையும் காளானும் பொறுக்கக் கூடாது, அது மான்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் உரியது.

வழியில நிண்டு பாக்க என்ன இருக்கு?

பெம்புரோக் லொட்ஜுக்குப் பக்கத்தில் கிங் ஹென்றிஸ் மவுண்ட் என்ற மேடு. பழங்காலப் புதைமேடு அது. மேலே ஒரு பற்றைக்குள் சாவித்துவாரம் மாதிரி இடைவெளி விட்டு வெட்டியிருக்கிறார்கள். அதற்குள்ளால் பார்த்தால் 16 கிலோமீற்றருக்கு அப்பால் சென் போல்ஸ் தேவாலயத்தின் குவிமாடம். இந்தக் காட்சியை எந்தக் கட்டடமும் மறைக்கக் கூடாது என்று பாதுகாப்பு உண்டு. இருந்தும் தூரத்து ஸ்ரற்ஃபோர்ட்டில் எழும்பிய ஒரு கோபுரம் குவிமாடத்துக்குப் பின்னால் வந்து நிற்கிறது. 2016இல் அது பெரிய சர்ச்சையானது. எனக்கு இன்றும் அது கண்ணுக்குள் விழுந்த தூசு மாதிரி. தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸல் சிறுவயதில் வளர்ந்ததும் இந்த லொட்ஜில்தான், பாட்டா பாட்டியோடு.

அண்ணாந்தும் பாருங்கள். கீச்சிட்டுக்கொண்டு போகும் பச்சைக்கூட்டம் கிளிதான். ஊரில் பட்ட பனைப் பொந்தில் குஞ்சு பொரிக்கிற, கழுத்தில் வளையம் உள்ள அதே இனம். இங்கே ஓக் மரப் பொந்தில் இருக்கிறது. என் தாயார் வந்திருந்தபோது ரிச்மண்ட் கேற்றடியில் காரை நிற்பாட்டிக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்து, “இதுகளும் வந்திட்டுதுகளோ” என்றார்.

வெளியேறும்போது ரிச்மண்ட் ஹில் மதிலில் சாய்ந்து ஆற்றின் வளைவைப் பாருங்கள். அந்தக் காட்சி 1902இல் பாராளுமன்றச் சட்டத்தால் காக்கப்பட்டது.

ஆத்தங்கரைப் பாதை பாதுகாப்போ?

பாதுகாப்புத்தான், ஆனால் ரெடிங்ரன் மடைவரை கடலின் வற்றுப்பெருக்கு வரும். பெருக்கு உச்சத்தில் இருந்தால் ரிச்மண்டுக்கும் ஹாமுக்கும் இடையில் பாதை தண்ணீருக்குள் போவதுண்டு. பெருக்கு நேரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், தண்ணீரைக் கண்டால் ஓடிப் பார்க்க நினைக்காமல் பீற்றஷம் வீதிக்கு ஏறுங்கள்.

வழியில ரயர் காத்துப் போனா?

ஆளுக்கு ஒரு புது ரியூப், ரயரைக் கழற்ற இரண்டு லீவர், காற்றடிக்க ஒரு கைப்பம்ப். ஊரில் ஒட்டுப்போட்டு ஓடிய எங்களுக்கு வேலை தெரியும், வழியில் ஒட்டிக்கொண்டிருக்காமல் ரியூப்பை மாற்றிவிட்டு வீட்டில் ஒட்டலாம். உங்கள் வால்வு ஒல்லியா தடிப்பா என்று வாங்க முன்பே பாருங்கள்.

புது ரியூப்பைப் போடுமுன் ரயரின் உட்பக்கத்தைப் பெருவிரலால் ஒரு முழு வட்டம் தடவ வேண்டும். லாடர்ஸ்ரைலுக்குக் கிட்ட ஒரு முறை கூட்டாளி அவசரத்தில் தடவவில்லை. இருநூறு மீற்றரில் மறுபடி உஸ் என்றது. இரண்டாம் தரம் தடவியபோது விரலில் நெருடியது, அரை நகம் நீளமுள்ள ஒரு முள். பல்லால் கடித்து இழுத்தெடுத்தார். அன்று என் ரியூப்பும் அவருக்குப் போனதால் மிச்ச 30 கிலோமீற்றரும் கையிருப்பில்லாமல் பயந்து பயந்து ஓடினோம். பின் ரயர் முன் ரயரைவிடக் கெதியாகத் தேயும். உரோஞ்சிப் போனால் மாற்றிவிடுங்கள்.

நான் சல்வாரோட ஓடலாமோ? ஐம்பத்தெட்டு வயசு.

தாராளமாக ஓடலாம், அக்கா. துப்பட்டாவை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். அது பின் சில்லுக்குள் போனால் கழுத்தோடு இழுக்கும். சல்வாரின் வலது கால் அடியை ஒரு ரப்பர் பட்டியால் கட்டினால் செயினில் மாட்டாது. நடுக்கம்பி தாழ்ந்த சட்டமுள்ள சைக்கிளை எடுங்கள், ஏறி இறங்கச் சுகம். வயதுக்கான பதில் மூன்றாம் கேள்வியில் இருக்கிறது.

பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரலாமோ?

பத்து வயதுக்குக் கீழ் என்றால் தார் வீதியை விடுங்கள், காரும் வேகமான சைக்கிள்காரரும் வருவார்கள். மதிலை ஒட்டிச் சுற்றிப் போகும் ரம்சின் ட்ரெயில் என்ற சரளைப் பாதை, 11 கிலோமீற்றருக்குச் சற்று மேல், காருக்கு இடமில்லை. நடப்பவர்களுக்கே அங்கே முதல் உரிமை. பாதையை விட்டுப் புல்லில் சைக்கிளை இறக்குவது விதிக்கு மாறு, பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள். முழுச் சுற்று வேண்டாம், கிங்ஸ்ரன் கேற்றிலிருந்து ஹாம் பக்கம் போய்த் திரும்பினால் அவர்களுக்கு அது ஒரு பயணம்.

எலெக்ரிக் சைக்கிள் எண்டா ஏமாத்து வேலையோ?

இல்லை. முழங்கால் பழுதானவருக்கு அது இரண்டாவது கால். 250 வாற் மோட்டர், 15.5 மைல் வேகத்தில் உதவி நிற்பது, உழக்கினால் மட்டும் உதவுவது, இந்த மூன்றும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் 2025 மார்ச் 31 முதல் மடிக்காத எலெக்ரிக் சைக்கிளை ரியூப் ரெயினில் ஏற்ற முடியாது. டிஸ்ட்ரிக்ற் லைன் பற்றி மேலே சொன்னது அவற்றுக்குப் பொருந்தாது.

ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில கதைச்சுக்கொண்டு ஓடலாமோ?

ஓடலாம். வீதி விதிக்கோவை அதற்கு இடம் தருகிறது. பின்னால் கார் சேர்ந்துவிட்டால், வளைவு வந்தால், ஒருவர் பின்வாங்கி வரிசையாகுங்கள். எங்களுக்குள் ஒரு ஒழுங்கு: வலப்பக்கம் ஓடுபவர்தான் பின்வாங்குவார். யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று இருவரும் ஒரே நேரத்தில் யோசித்தால்தான் ஹான்டில் முட்டும்.

என்ர கூட்டாளி என்னைவிட வேகம். நான் அவனுக்குப் பாரமாப் போயிடுவன்.

இதைத்தான் ஆகக் கூடுதலானவர்கள் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். மெதுவானவர் முன்னுக்கு ஓட வேண்டும். வேகமானவர் பின்னுக்கு. அவ்வளவுதான். மெதுவானவர் பின்னுக்கு வந்தால் எட்டிப் பிடிக்கவே மூச்சை முழுக்கச் செலவழிப்பார். முன்னால் போனவர் நின்று இளைப்பாறிவிட்டு, இவர் வந்து சேர்ந்ததும் வெளிக்கிடுவார். இவருக்கு ஓய்வே இல்லை.

இது எனக்கு ஒரு பிழையால் தெரிந்தது. இரண்டாம் வருடம், சோயர்ஸ் ஹில் இறக்கத்தில் நான் கூட்டாளியை விட்டுவிட்டு இறங்கிப் போனேன். ரோஹம்ப்டன் கேற்றில் நின்றேன். அவர் வரவில்லை. இருபது நிமிடம். போன் எடுத்தால் பதில் இல்லை. திரும்ப அதே ஏற்றத்தை ஏறிப் போனால், ஷீன் சந்திக்கு மேலே, ஒரு ஓக்கின் கீழ், கை முழுக்கக் கறுப்பு எண்ணெயோடு இருந்தார். செயின் கழன்று சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் இறுகிவிட்டது. போன் என் முதுகுப் பையில் கிடந்தது, பாரமாக இருக்கென்று காலையில் நான்தான் வாங்கி வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. “நீ இறங்கின வேகத்தில எனக்கு ஏதோ நடந்தாக்கூடத் தெரியாது” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மூன்று விடயம் மாறாது. அவரவர் போன் அவரவரிடம். ஒவ்வொரு வாசலிலும் நின்று சேர்ந்து போவது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் மெதுவானவர் முன்னுக்கு.

நடுவழியில ஒராளுக்கு உண்மையாவே ஏலாமப் போனா?

மற்றவரும் நிறுத்த வேண்டும். ‘நீ போ, நான் மெல்ல வாறன்’ என்று சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. கால் பிடித்திழுத்தால் இறங்கி நடந்து, தண்ணீரும் உப்பும் எடுங்கள். பெரும்பாலும் கால்மணியில் போய்விடும். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் உடனே இனிப்பு. நெஞ்சு இறுகினால், பேச்சுக் குழறினால் அவசர இலக்கமான 999. எங்கே நிற்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். பூங்காவுக்குள் எல்லா இடமும் ஒரே மாதிரித் தெரியும் என்பதால், ஓடும்போதே கடைசியாகக் கடந்த வாசலின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெயினில் திரும்புவதென்றால் கிங்ஸ்ரன் பக்கம் நோர்பிட்டன், மறுபக்கம் ரிச்மண்ட். இருவருக்கும் ரிக்கற் எடுக்கக் காசு இருக்கிறதா என்று வெளிக்கிட முன்பே பாருங்கள்.

அடுத்த முறை நானும் வரலாமோ?

வாருங்கள். ஞாயிறு, காலை ஏழேகால், றொபின்ஹூட் கேற்றின் உட்பக்கம். மழை தூறினாலும் நிற்போம், உறைபனி என்றால் நிற்கமாட்டோம். தண்ணீர், ரியூப், காற்று நிரப்பிய ரயர் உங்களது. வடை நாங்கள் கொண்டு வருகிறோம். போன வருடம் கூட்டாளியின் இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது, இப்போது எலெக்ரிக் சைக்கிளில் வருகிறார். புரூம்ஃபீல்ட் ஹில்லில் அவர் பின்னுக்கும் நான் முன்னுக்கும்.